மருமகளுக்குத் தாழ்ப்பாள்

"மூச்சு வெளிய வரக் கூடாது, சொல்லிட்டேன்" என்று தாயாரம்மாள் பின்கட்டு அறையை வெளியே தாழ்ப்பாள் போட்டாள். உள்ளே அவள் மருமகள் ஹேமாவதி. பெண்பார்க்க வருகிறவர்களின் கார் பள்ளிப்பட்டைத் தாண்டிவிட்டதாகப் போன் வந்திருந்தது. கல்யாணத்துக்கு நிற்கும் மகள் பிரபாவதிக்குப் பைத்தியம் பிடித்த அண்ணி இருக்கலாமா? ஆகவே இன்றைக்கு இந்த வீட்டில் மருமகளே கிடையாது.

பிள்ளை பெற்றதிலிருந்து ஹேமாவதிக்குத் தூக்கமில்லை. காரணமில்லாமல் அழுதாள். குழந்தையைத் தொடவே பயந்தாள். தாயாரம்மாள் அதற்கு முதலில் கொழுப்பு என்று பெயர் வைத்தாள்; பிறகு காத்துக் கருப்பு என்றாள். மலைக்குக் கூட்டிப்போய் முடி கொடுக்க வைத்தாள். இடுப்புவரை இருந்த முடி. முருகன் அதைக் கேட்டாரா என்று யாரும் விசாரிக்கவில்லை.

இதே வீட்டில் போன வருஷம் மகன் தணிகைவேல், வேலை போனதும் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தான். அவனுக்கு மொட்டை இல்லை. காரில் வேலூருக்குக் கூட்டிப்போய் மனநல மருத்துவரிடம் காட்டினார்கள். தெருவுக்கு மஞ்சள் காமாலை என்று சொன்னார்கள். மாத்திரையில் தேறினான். அந்த இருட்டு எப்படி இருக்கும் என்று அங்கே தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

"பாவா, நீங்களாவது அத்தகிட்ட சொல்லுங்க" என்று ஹேமாவதி கெஞ்சினாள்.

"எனக்கு வந்தது வேற. அது டென்ஷன்" என்றான் அவள் புருஷன்.

வந்தவர்கள் கேசரியை முடித்துக் காப்பிக்குக் காத்திருந்தபோது குழந்தை வீறிட்டது. தாயாரம்மாள் தோளில் போட்டுத் தட்டினாள், அடங்கவில்லை.

"பசிக்குதுபோல. அம்மாக்காரி எங்க?" என்று கேட்டாள் மாப்பிள்ளையின் தாய்.

"அரக்கோணத்துல, அவுங்கம்மா வூட்டுக்குப் போயிருக்கா."

"பால் குடிக்கற கொழந்தய வுட்டுட்டா?"

தாயாரம்மாள் சிரித்து மழுப்பினாள். தணிகைவேல் செல்போனைப் பார்த்தான். காப்பித் தட்டோடு வந்த பிரபாவதி, தட்டைத் தரையில் வைத்துவிட்டுப் பட்டுப்புடவை சரசரக்கப் போய்த் தாழ்ப்பாளைத் திறந்தாள். மொட்டைத் தலையும் பால் கசிந்து நனைந்த ரவிக்கையுமாக நின்ற அண்ணியைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள்.

"இவுங்கதான் எங்க அண்ணி. வூட்லதான் இருக்காங்க. கொழந்த பொறந்ததுலேர்ந்து மனசு சரியில்லாம அழுதுகினு இருக்காங்க. போன வருசம் எங்கண்ணனுக்கும் இப்படித்தான் இருந்துச்சு. அவருக்கு டாக்டரு. இவுங்களுக்குத் தாப்பா."

"பரம்பரையா வர்றதுங்களா?" என்று மாப்பிள்ளையின் பெரியப்பா நாகரிகமாக விசாரித்தார். பதில் வருவதற்குள் எல்லோரும் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வீட்டில் எல்லோருக்கும் மனசு சரியாகத்தான் இருந்திருக்கும்.

பிரபாவதி புடவையைக்கூட மாற்றவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டாள்.

"அண்ணி, கெளம்புங்க. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"அத்த திட்டுவாங்கம்மா."

"திட்டட்டும்."

நடுத்தெருவில் ஷேர் ஆட்டோவை மறித்து அண்ணியை முதலில் ஏற்றினாள்.

ஆட்டோ தெருமுனை திரும்புவதற்குள் தாயாரம்மாள் போனைக் காதில் வைத்திருந்தாள். புத்தூர்ப் பக்கம் தாயத்துக் கட்டுகிறவர் ஒருவரின் எண். தேடிக் கொடுத்தவன் தணிகைவேல்.

"ஆங், சாமி, அவசரமா வரணுங்க. மருமகளுக்கு இல்ல, எம் பொண்ணுக்கு. நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. இன்னிக்கு நாலு பேரு எதிர்ல உள்ளத உள்ளபடி பேசுது சாமி."