இரண்டு சக்கரம், ஒரே ஆள்

பதினான்காவது முறையும் அணை உடைந்தது.

திரையில் வெள்ளம் பொங்கி வந்து இரண்டு குட்டி மனிதர்களையும் அள்ளிக்கொண்டு போனது. ஹரீஷ்குமார் கீபோர்டைத் தள்ளி வைத்தான்.

"உன் கேம்ல பேய் இருக்குது செல்வி. என்னால ஆவல."

மணி ஒன்றரை. மூன்று மணிக்குக் குருமூர்த்தி சார் அதைப் பார்க்க வருவார்.

ஓசூருக்கு வெளியே அந்த இன்ஜினியரிங் கல்லூரியின் லேபில் மூன்று பேர் ஒரு செமஸ்டர் முழுக்க உட்கார்ந்து செய்த விளையாட்டு அது. சாரின் நிபந்தனை ஒன்றே ஒன்று. இதுவரை அதைப் பார்த்திராத இரண்டு பேர் பத்து நிமிடத்துக்குள் முதல் கட்டத்தைத் தாண்ட வேண்டும். தாண்டினால் பெங்களூரு கண்காட்சி. தாண்டாவிட்டால் டீமைக் கலைத்து, ஆளுக்கொரு டீமில் சேர்த்துவிடுவார்.

தமிழ்செல்வி பயந்தது அந்தக் கடைசி வார்த்தைக்குத்தான். அப்பாவின் கம்பெனி வேலைக்காகக் கோவில்பட்டியிலிருந்து ஓசூர் வந்து மூன்று வருடம். அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட இந்தக் கல்லூரியில் இந்த இரண்டு பேரை விட்டால் ஆள் இல்லை.

விளையாட்டு என்னவோ எளிதுதான். பக்கத்துக் கெலவரப்பள்ளி நீர்த்தேக்கத்தைப் பார்த்து ஹரீஷ் வரைந்த அணை. இடது கோடியில் ஒரு சக்கரம், வலது கோடியில் ஒரு சக்கரம். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சுழற்றினால் மதகு திறக்கும். தவறினால் வெள்ளம்.

"நான் எரநூறு தடவ தாண்டிட்டேம்லா!" என்றாள் செல்வி.

"தாண்டிட்டியா-லா?" என்று ஹரீஷ் இழுத்தான். அவளுடைய கோவில்பட்டி 'லா' அவனுக்குத் தினமும் வேண்டும். ஆனால் அவனோடு சேர்ந்து ஆடிக்கொண்டிருந்த பிரவீனா சிரிக்கவில்லை.

"எரநூறு தடவயா? யார் கூட?"

செல்வி நாற்காலியை இழுத்துப் போட்டு, இடது கையை ஒரு பக்கமும் வலது கையை இன்னொரு பக்கமும் கீபோர்டில் வைத்தாள். இரண்டு குட்டி மனிதர்களும் இரண்டு கோடிக்கு ஓடினார்கள். டக். மதகு திறந்தது.

பிரவீனா அவள் பக்கம் திரும்பினாள்.

"ஒரு தடவ கூட எங்கள கூப்புடலியே டி."

"நாலரைக்கு ஒங்களுக்கு பஸ்ஸு..."

"அது இருக்கட்டும். கூப்ட்டியா, இல்லியா?"

கூப்பிடவில்லை. 'டெஸ்டிங் முடிந்தது' என்று வாரா வாரம் குரூப்பில் போட்டாள். இவர்கள் கட்டைவிரல் காட்டிவிட்டு கிருஷ்ணகிரி பஸ்ஸில் ஏறினார்கள். யாரோடு முடிந்தது என்று அவர்களும் கேட்கவில்லை.

"இன்னொரு தடவ ஆடுங்க. நான் திரையப் பாக்கல. ஒங்களப் பாக்கேன்."

ஹரீஷும் பிரவீனாவும் வீட்டில் பேசும் தெலுங்கில் எண்ணினார்கள். ஒகட்டி, ரெண்டு, மூடு! 'மூடு' என்னும்போதே ஹரீஷ் அழுத்தினான். 'மூடு' சொல்லி முடித்துவிட்டுப் பிரவீனா அழுத்தினாள். அணை உடைந்தது.

பிழையைப் பிடித்துவிட்டாள் செல்வி!

இரண்டு பேர் மீதும் தப்பில்லை. எண்ணி அழுத்துகிற இரண்டு பேருக்கு நடுவே அரை நொடி விழத்தான் செய்யும். அவள் கொடுத்திருந்ததோ நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. அவளுடைய இரண்டு கைகளும் என்றைக்கும் எண்ணியதே இல்லை. இரண்டு பேர் ஆட வேண்டிய விளையாட்டை ஒற்றை ஆளுக்குத் தைத்து வைத்திருந்தாள், அளவு பிசகாமல்.

"மொதல்ல பிடிச்சவங்க மூணு செகண்டு பிடிச்சிட்டு நிக்கட்டும்," என்றபடி அவள் புரோகிராமைத் திறந்தாள். "அதுவரைக்கும் எதிர்ப்பக்கம் ஒரு வெளக்கு எரியணும்."

"வெளக்கு நான் போடறேன்," என்றான் ஹரீஷ்.

"மணிச் சத்தம் ஒண்ணு போடட்டா?" என்றாள் பிரவீனா.

மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கடைசி வரி ஓடியது.

சார் வராந்தாவில் போன இரண்டு முதலாம் ஆண்டு மாணவர்களைப் பிடித்து வந்து உட்கார வைத்தார். மூன்று முறை வெள்ளம். நான்காவது முறை ஒருவன் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, "டேய், வெளக்கு எரியுது, வாடா!" என்று கத்தினான். மற்றவன் ஓடினான். மணி அடித்தது. மதகு திறந்தது. ஆறாவது நிமிடம்.

"திங்கக்கிழமை ரெண்டாவது கட்டத்தையும் காட்டுங்க. அது ஓடுனாத்தான் கண்காட்சிக்குப் பேர் அனுப்புவேன்," என்று சொல்லிவிட்டுப் போனார் சார்.

நாலரை மணி பஸ்ஸின் படி வரைக்கும் செல்வி கூடவே போனாள். மூன்று வருடத்தில் முதல் தடவை.

"நாளைக்கு ஒரு மணி நேரம் இருந்துட்டுப் போறீங்களா? ரெண்டு பேரும்?"

"பாக்கலாம் டி. வீட்ல கேக்கணும்," என்றாள் பிரவீனா.

"பாக்கலாம்லா!" என்றான் ஹரீஷ், ஜன்னலில் தலையை நீட்டி.

பஸ் போய்விட்டது. வருவார்களா, மாட்டார்களா? அந்தப் பதிலில் இரண்டுமே இருந்தது.

சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒற்றை அறை வீடு. அப்பா மாரிமுத்து செகண்ட் ஷிப்டுக்குப் போயிருந்தார். குழம்பின் மேல் தட்டு மூடியிருந்தது. அவர் வரும்போது இவள் தூங்கியிருப்பாள். இவள் கிளம்பும்போது அவர் தூங்குவார்.

சாப்பிடாமல் லேப்டாப்பைத் திறந்தாள். இரண்டாவது கட்டத்தில் இடது கைக்கென்று எழுதியிருந்த வரிகளைத் தேடி ஒவ்வொன்றாக அழித்து, இன்னொரு லேப்டாப்பை இணைக்கும் வரிகளை எழுதினாள். இனி இரண்டாவது ஆள் இன்னொரு லேப்டாப்பில்தான் வர முடியும். வேறு வழியே கிடையாது, எழுதியவளுக்கும்.

சேமித்தாள். ஓட்டிப் பார்த்தாள்.

அவளுடைய குட்டி மனிதன் ஓடிப்போய்ச் சக்கரத்தைப் பிடித்தான். எதிர்க்கோடியில் விளக்கு எரிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. யாரும் வரவில்லை. சக்கரம் நழுவியது. வெள்ளம்.

அழித்ததைத் திரும்பக் கொண்டுவர ஒரு பட்டன் போதும். விரல் அதன் மேல் கொஞ்ச நேரம் நின்றது.

அமுக்கவில்லை. லேப்டாப்பை மூடிவிட்டு, ஒரே ஒரு தட்டை எடுத்து வைத்துச் சோறு போட்டுக்கொண்டாள்.