ஆம்ப்ரோஸுக்குக் கிடைத்த பதினெட்டு வரி

எட்டு வருஷமாக ஆம்ப்ரோஸ் அந்த நாடகக் குழுவில் ஈட்டி தூக்கிக்கொண்டிருந்தான். பிரபுக்களுக்குப் பின்னால் நிற்பான், போரில் முதல் ஆளாகச் சாவான், எப்போதாவது "கப்பல்கள் வந்துவிட்டன, பிரபுவே" என்று ஒரு வரி சொல்லிவிட்டு உள்ளே ஓடுவான். அந்த ஒரு வரியிலும் பாதி, மேடைக்கு முன்னால் திறந்த முற்றத்தில் நின்று பார்க்கிற படகுக்காரர்கள் கொட்டை உடைக்கிற சத்தத்தில் போய்விடும். அப்பேர்ப்பட்டவனுக்குச் சேர்ந்தாற்போல் பதினெட்டு வரி கிடைத்தால் மனுஷன் தரையில் நடப்பானா?

கொடுத்தவர் குழுவின் தலைவர் பார்னபி. வழக்கமாகக் கிழவன் வேஷம் கட்டுகிறவன் திடீரென்று ஆற்றின் வடகரையில் இருந்த போட்டிக் குழுவுக்கு ஓடிப்போய்விட்டான். வேறு ஆள் இல்லை. காகிதச் சுருளை நீட்டும்போதே பார்னபிக்கு முகம் கோணிக்கொண்டது.

"டேய், இது சோக நாடகம். எவனாவது சிரிச்சான்னா நாம தொலைஞ்சோம். அதுவும் நான் பேசும்போது குறுக்க விழுந்தா எனக்குக் கெட்ட கோபம் வரும், தெரியும்ல?"

"தெரியும்ணே."

"சொதப்பினா அன்னிக்கே மூட்டையக் கட்டிடு. ஈட்டி தூக்க ஊர்ல ஆளா இல்ல?"

சுருளில் இருந்தது ஆம்ப்ரோஸ் பேச வேண்டியது மட்டும்தான். முழு நாடகத்தை நடிகன் கையில் கொடுக்கிற வழக்கம் அங்கே கிடையாது. திருட்டுப் பயம் ஒரு பக்கம். தவிர, அத்தனை பேருக்கும் முழுசாகப் படியெடுக்க யாருக்குப் பொறுமை இருக்கிறது? அவரவர் வசனம், அதற்கு முன்னால் அடுத்தவர் பேச்சு முடிகிற கடைசி மூன்று சொல், அவ்வளவுதான். அந்த மூன்று சொல் காதில் விழுந்ததும் வாயைத் திறக்க வேண்டும். ஒத்திகை என்று பெயருக்கு ஒரு காலைப்பொழுது உண்டு. அதையும் வாள்சண்டை தின்றுவிடும். எதிரே நிற்பவன் என்ன சொல்லப்போகிறான் என்பது மேடையில் போய் நின்றால்தான் தெரியும்.

ஆம்ப்ரோஸின் வேஷம் ஒரு கிழட்டுப் படைவீரன். அவனுடைய ஒரே மகனுக்கு மரண தண்டனை. தண்டனை சொல்கிற கோமகன் பார்னபி. "இனிப் பேச ஒன்றுமில்லை" என்று கோமகன் முடிப்பார். உடனே கிழவன் மகனுக்காக உயிர்ப்பிச்சை கேட்க வேண்டும். பதினெட்டாவது வரிக்குக் கீழே வெறும் காகிதம்.

வீட்டில் அவன் மனைவி தாமசின் பெரிய மனிதர்களின் கழுத்துப் பட்டிகளுக்குக் கஞ்சி போட்டுக்கொண்டே அந்த மூன்று சொல்லையும் எடுத்துக் கொடுப்பாள். கஞ்சிக் கையை இடுப்பில் ஊன்றி, குரலைத் தடிமனாக்கி, "இனிப் பேச ஒன்றுமில்லை!" என்பாள். பார்னபியே தோற்றார்.

"யோவ், அந்தப் பையன் பொழைச்சுடுவானா?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"சுருள்ல அது இல்லையே."

"அது தெரியாமலேயா இவ்வளவு உருகுற?"

"நான் கெஞ்சுற கெஞ்சுல அவன் பொழைக்காம எங்கடி போவான்?"

அவள் சிரித்தாள். ஆனால் அடுத்த தடவை அவன் மண்டியிட்டபோது, கையிலிருந்த பட்டியைக் கீழே வைத்துவிட்டு முழுசாகக் கேட்டாள்.

பத்து நாள் அவன் இந்த உலகத்தில் இல்லை. விடிந்ததும் ஆற்றங்கரைக்குப் போய்விடுவான். பனி தண்ணீரையும் கரையையும் ஒன்றாக்கி வைத்திருக்கும். படகு தெரியாது, துடுப்புச் சத்தம் மட்டும் எங்கிருந்தோ வரும். அந்த வெள்ளைக்குள் நடந்துகொண்டே வரிகளைச் சொல்வான். "இந்தக் கைகள் முதலில் பற்றியது என் சுண்டுவிரலை, வாளைப் பற்றியது பிறகு." அதைச் சொல்லும்போது சுண்டுவிரலில் நிஜமாகவே ஒரு சின்னப் பிடி தெரியும். அவனுக்குப் பிள்ளை கிடையாது. ஆனாலும் தெரிந்தது. "என்னிடம் மிச்சமுள்ள குளிர்காலங்களை எல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள், அவனுக்கு ஒரே ஒரு வசந்தம் கொடுங்கள்." இங்கே மண்டியிடுவான். பனிக்குள் கோமகனின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இளகும். அதைப் பார்த்த பிறகுதான் எழுந்து வீட்டுக்குப் போவான்.

அந்த நாள் வந்தது. கூரையில் கொடி ஏறியது, எக்காளம் மூன்று தடவை முழங்கியது. மதிய வெயில் மங்கலாகத் திறந்த முற்றத்தில் விழுந்துகிடந்தது. கூட்டத்தின் முன்வரிசையில் தாமசின் நின்றாள்.

ஆம்ப்ரோஸ் தாடியும் தடியுமாக மேடையின் ஓரத்தில் நின்றான். மகனாக நடித்தவனைக் காவலர்கள் பிடித்திருந்தார்கள். பார்னபி நாற்காலியில் சாய்ந்து பேசினார். "சட்டம் என் தாய். அவள் முகத்தில் இவன் அறைந்தான். இனிப் பேச ஒன்றுமில்லை."

ஆம்ப்ரோஸ் முன்னே வந்தான். "ஐயனே, இவன் கைகளைப் பாருங்கள்..."

பார்னபி நிறுத்தவே இல்லை! "தாய்க்காக மகனைக் கொல்வது பாவமென்றால் அந்தப் பாவம் எனதாகட்டும்" என்று இவன் குரல்மேல் ஏறிப் பேசிக்கொண்டே போனார். முந்திக்கொண்டேனா? பின்வாங்கினான்.

"...இனிப் பேச ஒன்றுமில்லை."

இதுதான்! "ஐயனே, இவன் கைகளை..."

மறுபடியும் பார்னபி அவனை மிதித்துக்கொண்டு போனார். கண்ணில் நிஜமான கொலைவெறி. போச்சு, எல்லாம் போச்சு. மூன்றாவது தடவை அந்தச் சொற்கள் வந்தபோது, "ஐயனே" என்ற ஒரு சொல்லோடு அவன் நாக்கு ஒட்டிக்கொண்டது. கைகள் மட்டும் தானாக நீண்டன. முற்றத்திலிருந்து ஒரு படகுக்காரன் கத்தினான்: "அட, கிழவனப் பேச விடுங்கய்யா!" யாரும் சிரிக்கவில்லை. கொட்டை உடைக்கிற சத்தம் எப்போது நின்றது என்று அவனுக்குத் தெரியவில்லை.

பார்னபி எழுந்தார். "இனிப் பேச ஒன்றுமில்லை" என்று நான்காவது முறையாகச் சொன்னார். சொன்ன கையோடு திரும்பி நடந்தார். காவலர்கள் மகனை இழுத்துக்கொண்டு பின்னால் போனார்கள். அவர்கள் உள்ளே போன வாசலின் திரை மூடிக்கொண்டது.

மேடையில் ஒரு காலி நாற்காலி. அதன் எதிரே ஆம்ப்ரோஸ். இப்போது குறுக்கிட யாரும் இல்லை.

கனவில் கத்துகிறவன் குரல் வெளியே வராதே, அப்படித்தான் முதல் வரி வந்தது. யாரிடம் கேட்பது? கேட்க வேண்டியவர் போய்விட்டார். ஆனாலும் பதினெட்டு வரி உள்ளே இருக்கிறதே, அதை என்ன செய்வது? நாற்காலியிடம் சொன்னான். கைகளைப் பற்றிச் சொன்னான், சுண்டுவிரலைப் பற்றிச் சொன்னான். மண்டியிட்டு, தன் குளிர்காலங்களை எல்லாம் அந்தக் காலி மரத்துக்குக் கொடுத்தான். வெயில் மெல்ல நகர்ந்து நாற்காலியின் கைப்பிடிமேல் வந்து உட்கார்ந்தது. ஆயிரம் பேர் நின்ற முற்றத்தில் ஒரு இருமல் கூட இல்லை. தாமசின் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

உள்ளே வந்தபோது பார்னபி கிரீடத்தோடு வழியை மறித்து நின்றார்.

"மூணு தடவ என் பேச்சுல குறுக்க விழுந்திருக்க."

"அண்ணே, அதே சொல் திரும்பத் திரும்ப வந்துச்சு. நான் என்னண்ணே பண்றது?"

"வரும். நான்தான் வேணும்னே நாலு எடத்துல வெச்சேன்" என்றது ஒரு குரல். நாடகத்தை எழுதிய ஹம்ஃப்ரி, உடைப் பெட்டிமேல் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "முன்னாடியே சொல்லியிருந்தா ரெண்டு பேரும் வெறுமனே நடிச்சிருப்பீங்க."

பார்னபி அவனை அறைந்துவிடுவார் போலிருந்தது. அறையவில்லை. கோமகனின் வெல்வெட் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். திரைக்குப் பின்னால் நின்று பதினெட்டு வரியையும் கேட்டிருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது.

"வியாழக்கிழமை மறுபடி இதே நாடகம்," என்றார். "இதே மாதிரி குறுக்க விழணும். கிழவன் வேஷம் இனி உன்னோடது."

எட்டு வருஷமாக ஏங்கிய சொல். ஆம்ப்ரோஸுக்குச் சந்தோஷம் வரவில்லை, அழுகைதான் வந்தது.

"வியாழக்கிழமை எனக்குத் தெரிஞ்சிருக்குமேண்ணே. நீங்க கேக்காம எழுந்து போயிடுவீங்கன்னு தெரிஞ்சுக்கிட்டே எப்படிக் கெஞ்சுவேன்?"

ஹம்ஃப்ரி காலாட்டுவதை நிறுத்தினான். பார்னபி கிரீடத்தைக் கழற்றிப் பெட்டிமேல் வைத்தார். அதன் அடியில் நெற்றி முழுக்க வியர்வை.

"முடிவு தெரிஞ்சுக்கிட்டே தெரியாதவனா நிக்கிறது, இருபது வருஷமா நான் அதத்தான் பண்ணிக்கிட்டிருக்கேன்," என்றார். "வா, உக்காரு. தாடியக் கழட்டு."