இடது மூலையில் இரண்டு எழுத்து

மாலைப் பேப்பரை லாசரஸ் எப்போதும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் பிரிப்பார். அந்த வெள்ளிக்கிழமை அதற்கு அவசியம் இல்லாமல் போனது. மேற்குத் தாம்பரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீக்கடையில், முதல் பக்கத்திலேயே அவருடைய கைவேலை அச்சாகித் தொங்கிக்கொண்டிருந்தது. 'குடிதண்ணீரில் ஈயம்: அதிகாரிகள் மறைத்த அறிக்கை' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. அதற்குக் கீழே, 'நமக்குத் தபாலில் வந்த நகல்' என்று போட்டு, அந்தப் பக்கத்தையே போட்டோ எடுத்து அரைப் பக்கத்துக்குப் பெரிதாக்கிப் போட்டிருந்தார்கள். லாசரஸுக்கு முதலில் நெஞ்சு நிறைந்துபோனது. இருபத்தேழு வருஷ சர்வீசில் அவர் அடித்த எதையும் யாரும் இப்படிக் கூட்டம் கூடிப் படித்ததில்லை. ஒருவர் தோளுக்கு மேல் ஒருவர் எட்டிப் பார்த்தார்கள். அவரும் யாரோ ஒருவர் போல எட்டிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே வந்த கண், படத்தின் இடது கீழ் மூலைக்கு வந்ததும் நின்றுவிட்டது. அங்கே பொடியாக, ஆனால் துல்லியமாக, 'கா.ம/17-5' என்று இருந்தது. கையில் இருந்த டீயை ஒரு வாய்கூடக் குடிக்காமல் பெஞ்சில் வைத்தார்.

சர்க்கார் ஆபீசில் எந்தக் காகிதத்தை அடித்தாலும், அடித்தவர் தன் பெயரின் எழுத்தையும் தேதியையும் இடது கீழ் மூலையில் சின்னதாக அடித்துவிடுவார். பிழை வந்தால் யாரைக் கூப்பிட்டுத் திட்டுவது என்று தெரிய வேண்டும் அல்லவா, அதற்கான ஏற்பாடு. கா.ம என்றால் காந்திமதி. லாசரஸ் குமாஸ்தாவாக இருந்த தண்ணீர்ப் பரிசோதனை ஆபீசின் டைப்பிஸ்ட். மே மாதம் பதினேழாம் தேதி அசல் அறிக்கையை அடித்தவள் அவள்தான். ஆனால் பேப்பருக்குப் போன நகலை அடித்தது லாசரஸ். ஒரு பத்து நாள் கழித்து, அவள் லீவில் இருந்த நாளில், மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், அவளுடைய மெஷினிலேயே உட்கார்ந்து அடித்தார். ஸ்டேஷன் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை இருக்கத்தான் செய்தது. கடைக்காரருக்கு ஆபீசில் அத்தனை பேரையும் தெரியும் என்பதால் அதைத் தவிர்த்தார். அவ்வளவு கவனமாக இருந்த மனுஷன் இங்கே கோட்டைவிட்டார்.

அதற்கும் காரணம் உண்டு. லாசரஸ் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்தது ஒரு கோர்ட்டின் நகல் பிரிவில். நகல் என்றால் நகல்தான். அசலில் ஒரு எழுத்து கால் வாங்கியிருந்தால் நகலிலும் கால் வாங்க வேண்டும், அசலில் தப்பு இருந்தால் நகலிலும் அந்தத் தப்பு இருக்க வேண்டும், ஒரு புள்ளியைக்கூடத் திருத்தினால் அது வேறு காகிதமாகிவிடும். நாலு வருஷம் அப்படி அடித்த விரல்கள். 'இரகசியம்' என்ற தலைப்பு எழுத்திலிருந்து மூலையில் இருந்த இரண்டு எழுத்து வரை, கொஞ்சம்கூட யோசிக்காமல், அப்படியே இறக்கிவைத்துவிட்டன. கவரை ஒட்டும்போது கூட அவர் கண்ணில் அது படவில்லை. திருட்டுத்தனமாகச் செய்த ஒரே காரியத்தையும் இவ்வளவு நேர்மையாகச் செய்திருக்கிறோமே என்று நினைத்தபோது, அழுவதா சிரிப்பதா என்று அவருக்குத் தெரியவில்லை.

இரகசியம் என்ற சொல்லுக்கு அவர் மரியாதை கொடுக்காதவர் இல்லை. ஆபீஸ் விஷயத்தை மனைவி ரத்தினபாயிடம்கூடச் சொன்னதில்லை. முடிச்சூர் ரோட்டுக்கு அந்தப் பக்கம் காளத்தி நகர் என்ற மனைப்பிரிவில், பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் கம்பெனி ஒன்று இருந்தது. சுற்றியிருந்த ஏழு கிணறுகளிலும் ஈயம் இறங்கியிருக்கிறது என்று அறிக்கை வந்தபோது, "மேல இருந்து உத்தரவு வர்ற வரைக்கும் வெளிய மூச்சு விடக்கூடாது. இன்னொரு தடவை சாம்பிள் எடுத்துப் பாக்கணும். வீணா ஜனங்க பீதியாயிடுவாங்க" என்றார் ஆபீசர் தேவானந்தம். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. லாசரஸே முகப்புக் குறிப்பை எழுதி, சிவப்பு மையில் இரகசியம் என்று போட்டு மேஜையில் வைத்தார்.

வைத்த மறுநாள்தான் கங்கம்மாவின் தண்ணீரை நிறுத்தினார்கள். காளத்தி நகரில் இருந்து தினமும் இரண்டு குடம் தண்ணீர் கொண்டுவந்து ஆபீஸ் பானையில் ஊற்றுகிறவள் அவள். இனிமேல் வேண்டாம் என்று மட்டும் சொன்னார்கள். ஏன் என்று சொல்லவில்லை. ஒரு வாரம் பார்த்துவிட்டு, லாசரஸ் சைக்கிளைப் பூட்டிக்கொண்டிருந்தபோது வந்து நின்றாள்.

"இன்னா சார், என் தண்ணி இன்னா பண்ணுச்சு உங்கள? பத்து வருசமா ஊத்திகினு கீறேன். திடீர்னு வாணாம்னா எப்டி?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. ஆபீஸ்ல ஏதோ ஏற்பாடு."

"சொம்மா சொல்லாத சார். கலீஜா கீதா தண்ணி? என் பொண்ணு கன்னியம்மா பிரசவத்துக்கு வூட்டுக்கு வந்துகீது. ஏழு மாசம். அதுவும் அதத்தான் குடிக்குது. அதான் கேக்கறேன்."

லாசரஸ் பூட்டிய சைக்கிளை மறுபடியும் பூட்டினார். "காய்ச்சிக் குடிங்கம்மா" என்றார். ஈயம் காய்ச்சினால் போகாது. அது அவருக்குத் தெரியும். அறிக்கையின் மூன்றாவது பாராவில் இருக்கிறது. தங்கள் வாயில் படக்கூடாது என்று நிறுத்தியவர்கள், அவள் வாயில் பட்டால் பரவாயில்லை என்று இரகசியம் காத்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள்தான் காந்திமதி லீவு.

பேப்பரில் வந்ததற்கு அடுத்த திங்கட்கிழமை காந்திமதிக்கு மெமோ கொடுத்தார்கள். ஏழு நாளில் விளக்கம் கொடுக்க வேண்டும், அதுவரை ஆபீஸ் பக்கம் வரக்கூடாது. அவள் தற்காலிக ஊழியர். எம்ப்ளாய்மெண்ட் ஆபீசில் பதிந்து ஏழு வருஷம் காத்திருந்து கிடைத்த வேலை. தற்காலிகத்தை அனுப்ப விசாரணை தேவையில்லை, ஒரு வரி உத்தரவு போதும், கிள்ளுக்கீரைதான். துரோகம் செய்தவள் என்று எழுதி அனுப்பிவிட்டால், பிறகு எந்த ஆபீசுக்கும் அவள் பெயர் போகாது. மெமோவைக் கையில் வாங்கியபோது அவள், "நான் இல்ல சார்" என்று ஒரே ஒருமுறை சொன்னாள். யாரும் தலை நிமிரவில்லை. அந்த அறிக்கையின் பைல் லாசரஸ் வழியாகவும்தான் போயிருந்தது. நியாயமாக அவரையும் கேட்டிருக்க வேண்டும். மூலையில் இரண்டு எழுத்து இருந்ததால் யாரும் கேட்கவில்லை. அவரும் பேனாவைத் திறந்து, மூடி, திறந்து, மூடிக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை காளத்தி நகருக்குத் தண்ணீர் லாரி வந்தது. பேட்டரி கம்பெனி கேட்டில் பூட்டுத் தொங்கியது. "எவனோ ஒரு மகராசன் எய்தி விட்டுகீறான் சார், அவன் குடும்பம் நல்லா இருக்கணும்" என்று கங்கம்மா சொன்னபோது, அந்த வாழ்த்தை வாங்கி எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து தூக்கம் போனது. சாப்பிட உட்கார்ந்தால் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார், சாத்திய ஜன்னலைத் திறந்தார். செம்பாக்கம் ஏரிக்கரையில் ஒரே நாளில் மூன்று முறை நடந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தபோது காந்திமதி வாசலில் நின்றிருந்தாள். குரோம்பேட்டையிலிருந்து வந்திருந்தாள். கையில் மெமோ.

"நாளைக்குக் கடைசி நாள் சார். பதில் எழுதிக் கொடுங்க. உங்கள மாதிரி டிராஃப்ட் எழுத ஆபீஸ்ல ஆள் இல்ல."

ரத்தினபாய் காபி கொண்டுவந்து வைத்தாள். லாசரஸ் காகிதத்தை எடுத்து, 'மதிப்பிற்குரிய ஐயா' என்று எழுதிவிட்டு நிறுத்தினார். கோர்ட்டு முதல் இந்த ஆபீஸ் வரை எத்தனையோ பேருக்கு விளக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறார். எங்கே அழ வேண்டும், எங்கே சட்டம் பேச வேண்டும் என்று அவருக்கு அத்துப்படி. இப்போது அடுத்த வரி வரவில்லை. காந்திமதி காபியைத் தொடவில்லை. கைப்பையிலிருந்து பேப்பரில் வந்த படத்தை எடுத்து மேஜையில் விரித்தாள்.

"சார், இது நான் அடிச்சதில்ல. நான் பாரா ஆரம்பிக்கும்போது அஞ்சு இடம் விடுவேன். இன்ஸ்டிடியூட்ல அப்படித்தான் சொல்லிக்குடுத்தாங்க. இதுல பத்து இடம் விட்டிருக்கு. அசல்ல எத்தன இருந்தாலும் நகல்ல பத்து விடறது கோர்ட்டு வழக்கம்னு நீங்கதான் ஒருநாள் சொன்னீங்க."

சமையலறையில் ரத்தினபாயின் பாத்திரச் சத்தம் நின்றுபோனது.

"இத நான் பதில்ல எழுதலாம். எழுதினா உங்கள மாட்டிவிட்ட மாதிரி ஆயிடும். எங்க அம்மா எழுதுன்னு சொல்றாங்க. எனக்குத்தான் கை வரல" என்றாள் காந்திமதி. அவள் குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. "நீங்க செஞ்சது தப்புன்னு நான் சொல்லல சார். நான் அடிக்கும்போதே எனக்கு மனசு கேக்கல. ஆனா எனக்குத் தைரியம் இல்ல. இல்லாத தைரியத்துக்கு நான் ஏன் சார் வேலைய விடணும்?"

அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் எழுந்துவிட்டாள். மெமோவை அங்கேயே வைத்துவிட்டுப் போனாள்.

"எனக்குக் கேட்டுச்சு" என்றாள் ரத்தினபாய். தொடாத காபியை எடுத்துக்கொண்டே, "உங்களுக்கு இன்னும் ஆறு வருஷம் இருக்கு. அவளுக்கு வயசு இருக்கு, வேற எங்கயாவது கிடைக்கும். சும்மா இருந்துடுங்க" என்றாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு நீதிபோதனை வகுப்பு எடுக்கிறவள் அவள். சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் திங்கட்கிழமை காலையில், அவர் கேட்காமலே வெள்ளைச் சட்டையைத் தேய்த்து நாற்காலியில் மாட்டிவைத்திருந்தாள்.

ஆபீஸ் திறந்ததும் லாசரஸ் காந்திமதியின் மெஷினில் போய் உட்கார்ந்தார். பத்து இடம் விட்டு ஆரம்பித்தார். நகலை அடித்தவன் நான், தபாலில் போட்டவன் நான், டைப்பிஸ்டுக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை, ஏழு கிணற்றுத் தண்ணீரையும் இன்னமும் ஜனங்கள் குடித்துக்கொண்டிருந்ததால் செய்தேன். ஒரு பக்கம்கூட ஆகவில்லை. எடுத்துக்கொண்டு போய் ஆபீசர் முன்னால் வைத்தார்.

தேவானந்தம் இரண்டு முறை படித்தார். பிறகு மடித்து, மேஜை மேல் அவர் பக்கமாகத் தள்ளினார்.

"இத நான் படிக்கல, லாசரஸ்."

"சார்?"

"அந்தப் பொண்ணு டெம்ப்ரவரி. ஒரு ஆர்டரோட முடிஞ்சுபோகும். உங்க பேர்ல போனா விசாரணை அதிகாரின்னு ஒருத்தர் வருவாரு. அறிக்கை ஏன் மூணு வாரம் என் மேஜையில கிடந்துச்சுன்னு கேப்பாரு. ஆபீஸ் பானைக்கு மட்டும் ஏன் தண்ணிய மாத்தினீங்கன்னு கேப்பாரு. தண்ணி லாரி வந்தாச்சு, கம்பெனிய மூடியாச்சு. நீங்க நெனச்சது நடந்துபோச்சு இல்ல? கிழிச்சுப் போட்டுட்டுப் போய் வேலையப் பாருங்க."

"அவளுக்கு என்ன சார் பதில்?"

"கொஞ்ச நாள் கஷ்டமாத்தான் இருக்கும். எல்லாம் பழகிடும்" என்று சொல்லிவிட்டு, வேறு பைலை இழுத்துக்கொண்டார்.

லாசரஸ் வெளியே வந்தார். கால் தன் சீட்டுக்குப் போகாமல் தபால் மேஜைக்குப் போனது. வந்த தபாலைப் பதிகிற நோட்டையும் காந்திமதிதான் பார்த்துவந்தாள். ஒரு வாரமாக அதை யாரும் தொடவில்லை. கையில் இருக்கும் காகிதத்தை யாரும் கிழிக்கலாம். நோட்டில் நம்பர் விழுந்து, தேதி முத்திரையும் விழுந்துவிட்டால், அதைக் கிழிக்க ஆபீசராலும் முடியாது. கிழித்தால் அந்த நம்பருக்குப் பதில் சொல்ல வேண்டும். நோட்டைத் திறந்து, கடைசி வரிக்குக் கீழே 1142 என்று எழுதினார். யாரிடமிருந்து என்ற இடத்தில் தன் பெயரை எழுதினார். பொருள் என்ற இடத்தில் கொஞ்சம் யோசித்து, 'தண்ணீர்' என்று எழுதினார்.

முத்திரையின் தேதியைத் திருப்பி மை பேடில் அழுத்தினார். பேடு காய்ந்து கட்டாந்தரையாகக் கிடந்தது. மை ஊற்றுகிறவள் வீட்டில் இருக்கிறாள். அந்த நேரம் பார்த்து கங்கம்மா இடுப்பில் குடத்தோடு உள்ளே வந்தாள்.

"லாரித் தண்ணி சார். பயப்படாத குடிங்க. இன்னா, மொகம் ஒரு மாதிரி கீது?"

"ஒண்ணுமில்லம்மா. குடத்த இப்படிக் கொஞ்சம் காட்டுங்க."

குடத்துக்குள் கையை நனைத்து, மை பேடின் மேல் உதறினார். இரண்டு முறை தேய்த்து, முத்திரையை எடுத்துக் காகிதத்தின் தலையில் ஓங்கிப் போட்டார். சத்தம் கேட்டு, உள்ளே தேவானந்தத்தின் அழைப்பு மணி அடித்தது. நின்று, மறுபடியும் அடித்தது. முத்திரை வெளிறித்தான் விழுந்திருந்தது. ஆனால் தேதி படிக்கும்படி இருந்தது. காகிதத்தின் இடது கீழ் மூலையில், அவர் விரல்கள் தம் போக்கில் அடித்துவைத்த 'லா/18-6'. மணி விடாமல் அடித்துக்கொண்டே இருந்தது. கங்கம்மா உள் அறையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். லாசரஸ் காகிதத்தை இரண்டு கையாலும் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஈரம் காய ஊதிக்கொண்டிருந்தார்.