வேலைநாட்களில் மட்டும் பழனிசாமி

1963 ஆகஸ்டிலிருந்து அந்தமான் டெலானிபூர் பழனிசாமி அலுவலக வேலைநாட்களில் மட்டுமே உயிரோடிருந்தார். மர ஆலைத் தொழிலாளி, வயிற்றில் கட்டி. மெட்ராஸில் அறுக்காவிட்டால் அறுபது நாள்தான் என்று டாக்டர் கெடு சொல்லிவிட்டார். கப்பலுக்கும் வைத்தியத்துக்கும் அனுமதி வேண்டி மனைவி நீலாவதி அரசு அலுவலகத்துக்கு ஓடினாள். குமாஸ்தா சிவஞானம் காலண்டரைப் புரட்டி, ஞாயிறு, சுதந்திர தினம், பூஜா லீவு எல்லாவற்றையும் அடித்துவிட்டு, "ஐம்பத்தஞ்சு வேலைநாள் ஆகும்மா. அக்டோபர் இருபது தாண்டிரும்" என்றார். டாக்டரின் கெடுவோ அக்டோபர் பத்தோடு முடிந்தது.

"வியாதிக்கு ஏது சாப் ஞாயித்துக்கிழமை?" என்றாள். நான்கு நாள் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு, "டாக்டர் சொன்ன அந்த அறுபது நாளையும் உங்க வேலைநாள் கணக்குலயே எழுதிக் குடுங்க" என்றாள்.

"அச்சா, எழுதுறேன். அதால ஒண்ணும் ஆவப்போறதில்ல" என்று எழுதி, முத்திரையும் குத்திக் கொடுத்தார்.

அந்த ஞாயிறு விடிந்தபோது பழனிசாமிக்கு மூச்சு இல்லை. நீலாவதி மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். ஆனாலும் உடல் விறைக்கவில்லை, தூக்க விடாமல் காவலிருந்தாள். திங்கட்கிழமை பத்து மணிக்கு அவர் எழுந்து கஞ்சி கேட்டார். பிறகு எல்லா விடுமுறையும் அப்படியே கழிந்தது. அக்டோபர் பத்தும் கடந்தது. ஆனால் ஒவ்வொரு வேலைநாளும் அவரைக் கொஞ்சம் தின்றது. கடைசியில் எலும்பும் வயிறுமாகக் கிடந்தார்.

உத்தரவு சொன்ன நாளில் வந்தது. கப்பல் வியாழக்கிழமை புறப்பட்டபோது அறுபதில் மிச்சம் இரண்டே நாள்; பயணமோ நான்கு நாள். வெள்ளியும் சனியும் வேலைநாட்கள் என்று விரல் மடக்கி எண்ணியபடி டெக்கில் அவரை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கரை மறைந்ததும் மூச்சு நின்றது. கடலில் ஆபீஸ் கிடையாது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

மூன்றாம் நாள் கப்பல் அதிகாரி ஆட்களோடு வந்தார், பிணத்தைக் கடலில் விட. அவள் தன் முந்தானையைப் பழனிசாமியின் மணிக்கட்டில் இறுக்கி முடிந்தாள்.

"திங்கக்கிழமை பத்து மணி வரைக்கும் பொறுங்க சாப். எந்திரிக்கலேன்னா என்னையும் சேர்த்துத் தள்ளிடுங்க."

பொறுத்தார்கள். திங்கள் காலை ஒன்பதரைக்கு மெட்ராஸ் துறைமுகத்தில் இறங்கிய அரைமணியில் பழனிசாமி கண் விழித்து, வெயில் சுடுகிறது என்றார். மறுநாளே கட்டியை அறுத்தெடுத்தார்கள். கட்டி போனது, கணக்கு போகவில்லை.

அதன்பின் பதினாறு வருஷம் இருந்தார். டெலானிபூரில் ஞாயிற்றுக்கிழமை வைக்கும் கல்யாணங்களுக்கு நீலாவதியை மட்டும் அழைப்பார்கள். அதில் யாரும் குறை கண்டதில்லை.