சிடியில் ஏறாத குரல்

நாலாவது சிடியும் வீண். பச்சைக் கோடு தொண்ணூறைத் தாண்டியதும் நின்றது. டிரைவ் ஒரு முறை முனகியது. பிறகு தட்டு தானாக வெளியே வந்து நாக்கை நீட்டியது. எழுத முடியவில்லை என்று திரையில் ஒரு பெட்டி. ஏன் முடியவில்லை என்று மட்டும் அது வாயைத் திறக்கவில்லை.

எனக்குக் கோபம் வந்தால் கை சும்மா இருக்காது. தட்டைப் பட்டென்று உள்ளே தள்ளினேன். உடைத்துவிடாதே அக்கா என்று தங்கை கெஞ்சினாள்.

அந்த சிடியில் ஏற வேண்டியது அவள் புருஷனின் குரல். நீ வீட்டை விட்டுப் போனால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கண்காணாத இடத்துக்குப் போய்விடுவேன் என்று அவன் மிரட்டியதையெல்லாம், துணிகளுக்கு நடுவே போனை ஒளித்து வைத்துப் பதிவு செய்திருந்தாள். போன வாரம் வந்தபோது அதை எங்கள் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். நல்லவேளை. அடுத்த இரண்டு நாளில் அந்தப் போனை அவன் சுவரில் அடித்து நொறுக்கிவிட்டான். இனி அந்தக் குரல் இருப்பது இங்கே மட்டும்தான். நாளைக் காலை கோர்ட்டுக்கு இரண்டு சிடி வேண்டும், பென் டிரைவெல்லாம் எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று வக்கீலம்மா கறாராகச் சொல்லிவிட்டார். சிடி இருந்தால் குழந்தையை அவளிடமிருந்து பிரிக்கக் கூடாது என்று உடனே உத்தரவு கேட்கலாம். இல்லையென்றால் வெறும் வாய்ப்பேச்சு.

அப்பாவுக்கு எதுவும் தெரியாது. நெஞ்சில் போட்ட தையல் இப்போதுதான் காய்ந்திருக்கிறது. குழந்தையின் போட்டோக்களை சிடியில் போடுகிறோம் என்று சொல்லி வைத்திருந்தோம். நாளைக்கு எல்லாம் முடிந்தபின் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நானும் தங்கையும் பேசி வைத்திருந்தோம்.

மற்ற புரோகிராம்களையெல்லாம் மூடினேன். வைரஸ் பார்க்கிற சாமானை நிறுத்தினேன். ஸ்கிரீன்சேவரை எடுத்தேன். பஞ்சால் டிரைவுக்குள் இருக்கிற லென்ஸைத் துடைத்தேன். கடைக்கு ஓடி வேறு கம்பெனி சிடி வாங்கி வந்தேன். அதுவும் அதே இடத்தில் மண்ணைக் கவ்வியது. அந்த டிரைவை நான் திட்டிய திட்டு, கதவைச் சாத்தியிருந்தும் கூடம் வரைக்கும் கேட்டிருக்கிறது.

கொஞ்ச நேரத்தில் அப்பா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"கேட்டுட்டேம்மா. ரொம்ப வேகமா எழுதினா அப்படித்தான் பாதியில நிக்குமாம். வேகத்தைக் குறைச்சு எழுதணுமாம்."

"யாரைக் கேட்டீங்கப்பா?"

"வேற யாரை? மாப்பிள்ளையைத்தான்."

தங்கையின் புருஷனிடமே கேட்டிருக்கிறார். எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் தும்மினால்கூட மாப்பிள்ளைக்குத்தான் போன் போகும். ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். அவனுக்கு டாக்டர் என்று பட்டப்பெயர் வைத்தவளே நான்தான். இதை யோசிக்காமல் போனோமே என்று என் தலையில் நானே அடித்துக்கொள்ளத் தோன்றியது.

அப்பா விடவில்லை. என்ன எழுதுகிறார்கள் என்று மாப்பிள்ளை கேட்டாராம். போட்டோதான், ஆனால் என்னவோ ராணுவ ரகசியம் மாதிரி அக்காவும் தங்கையும் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறார்கள் என்று இவர் சிரித்தாராம்.  உடனே அவர், தான் வரும்வரை யாரையும் கம்ப்யூட்டரைத் தொடவிட வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கடையைப் பூட்டக் கிளம்பிவிட்டாராம்.

அப்பா நகர்ந்ததும் தங்கை எழுந்து போய், தூங்கிக்கொண்டிருந்த குழந்தையைத் தூக்கி வந்து மடியில் வைத்துக்கொண்டாள். அவள் உதடு வெளுத்திருந்தது. கடையிலிருந்து இங்கே வர ஸ்கூட்டரில் கால்மணி நேரம் ஆகாது.

வேகம் ஐம்பத்திரண்டில் இருந்தது. எட்டுக்குக் குறைத்தேன். பத்து நிமிஷம் ஆகும் என்றது திரை. தெருவில் எந்த ஸ்கூட்டர் போனாலும் இரண்டு பேரும் ஜன்னலைப் பார்த்தோம். எனக்குப் பயம்.  எழுபது. எண்பது. தொண்ணூறில் கோடு நின்றது மாதிரி இருந்தது. நிற்கவில்லை, ஊர்ந்துகொண்டிருந்தது. கடைசியில் முடிந்தது என்று காட்டியது. தொழிலில் அவன் கெட்டிக்காரன்தான், அதில் குறை சொல்ல முடியாது.

எழுதினால் போதாது, பாடுகிறதா என்று போட்டுப் பார்க்க வேண்டும் என்றும் வக்கீலம்மா சொல்லியிருந்தார். போட்டேன். ஸ்பீக்கர் சத்தத்தைக் குறைக்க மறந்துவிட்டேன்.

"உங்கப்பன் நெஞ்சுல தையலோட கெடக்கறான். நீ வாயைத் திறந்தா அந்த நிமிஷமே போய்ச் சேர்ந்துடுவான். அப்புறம் குழந்தையை நீ எங்க போய்த் தேடுவே, சொல்லு?"

கத்தலே கிடையாது. மாமா சாப்பிட்டாச்சா என்று கேட்கிற அதே மெல்லிய குரல். சட்டென்று நிறுத்திவிட்டுத் திரும்பினால், அப்பா நிலைப்படியில் நிற்கிறார்.  தங்கையையும் அவள் மடியில் கிடந்த குழந்தையையும் பார்த்தார். ஒரு கை கதவைப் பிடித்துக்கொண்டது, இன்னொரு கை நெஞ்சுக்குப் போனது.

அப்போது வாசல் மணி அடித்தது.

மாப்பிள்ளை வந்தால் முதல் ஆளாய் ஓடிக் கதவைத் திறப்பவர் அப்பா. இப்போதும் அவர்தான் போனார். அறைக் கதவு திறந்தே கிடந்ததால் வாசல் கதவு எனக்குத் தெரிந்தது. மேல் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. அடுத்துக் கீழ்த் தாழ்ப்பாள்.

"கம்ப்யூட்டர் சரியாயிடுச்சு மாப்பிள்ளை. நீங்க போகலாம்."

"கதவைத் திறங்க மாமா."

ஸ்பீக்கரில் கேட்ட அதே குரல். கொஞ்சம்கூட உயரவில்லை. அப்பா கதவில் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டு என்னைப் பார்த்தார்.

"இன்னும் எழுதணுமா?"

"இன்னொண்ணு வேணும்பா."

"எழுது."

இருந்த கடைசி சிடியைப் போட்டேன். கோடு பூஜ்யத்திலிருந்து கிளம்பியது. மறுபடியும் பத்து நிமிஷம். அவன் கதவைத் தட்டவில்லை. அப்பாவின் இடுப்புக்குப் பக்கத்தில் கைப்பிடி மெல்லக் கீழே போனது, மேலே வந்தது, திரும்பவும் கீழே போனது.