பெர்கனிலிருந்து வந்த போணி

நார்வேயின் பெர்கனில் தியான மண்டபம் நடத்தும் ஹெல்காவின் மின்னஞ்சல் நல்ல செய்தியோடுதான் வந்தது. கடைசி வரிதான் என்னை நிறுத்திவிட்டது. "நூற்றிருபது திண்டுகள் வேண்டும். பணத்தை எந்த வழியில் அனுப்பட்டும்? நீங்களே சொல்லுங்கள்."

நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்த அண்ணி என் தோளைத் தட்டினாள்.

"என்னா எழுதியிருக்கா? வாய்விட்டுப் படியேன்."

"நூத்தியிருபது கேக்கறாங்க அண்ணி."

அண்ணி குனிந்து திரையைப் பார்த்தாள். பிறகு பிரவுசிங் சென்டர் பாலாஜியைக் கூப்பிட்டாள். "தம்பி, இங்க வா. பன்னெண்டுதான் போட்டிருக்கப்போறா, இவ நூத்தியிருபதுன்றா. நல்லா பாரு."

பாலாஜி எட்டிப் பார்த்தான். "நூத்தியிருபதேதான்க்கா. பிரியாணி எப்போ?"

"மொதல்ல பணம் எப்படி வரும்னு சொல்லு. அப்புறம் பிரியாணி."

அது 2004, பங்குனி மாதம். செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டிய இரண்டாவது சந்தில் எங்கள் கடை ஒரே அறை. அண்ணி எழிலரசி தைப்பாள். நான் பஞ்சு அடைப்பேன், கணக்கு பார்ப்பேன், இங்கிலீஷ் பேசுவேன். தியானத்துக்கு உட்கார வட்டமான திண்டுகள், உள்ளே இலவம்பஞ்சு. கார்த்திகையிலிருந்து மாசிவரை வெளிநாட்டுக்காரர்கள் வாங்குவார்கள். வெயில் ஏறியதும் அவர்கள் போய்விடுவார்கள், எங்கள் ஷட்டரும் இறங்கிவிடும்.

அந்த வருடம் ஷட்டரோடு அண்ணியும் போவதாக இருந்தாள். எங்கள் தெரு எல்லம்மாள், சென்னையில் ஒரு துணிக் கம்பெனிக்குப் பெண்களைச் சேர்த்துவிடுவாள். ஹாஸ்டலில் தங்க வேண்டும், மாதத்துக்கு ஒருமுறை ஊருக்கு வரலாம். என் அண்ணன் லாரியில் வடக்கே போனால் திரும்புவதற்குப் பாதி மாதம் ஓடிவிடும். சித்ரா பௌர்ணமி முடிந்ததும் வருகிறேன் என்று அண்ணி வாக்குக் கொடுத்துவிட்டாள். நான்கு வயது சிந்துஜாவுக்கு இன்னும் சொல்லவில்லை. "சொன்னா இப்பவே அழுவா. போற அன்னிக்கு அழட்டும்," என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

இந்த நூற்றிருபது நிஜமானால் அவள் போக வேண்டாம். இரண்டு பேருக்கும் அது தெரியும். அதனால் இரண்டு பேருமே அதைப் பேசவில்லை.

பணம் வரும் வழி பற்றி எங்களுக்குக் கொஞ்சம் அனுபவம் இருந்தது, எல்லாம் கசப்பானது. முந்தின வருடம் ஒரு பிரெஞ்சு அம்மாள் ஆறு திண்டுக்குச் செக் அனுப்பினாள். அது கடல் தாண்டிப் போய் வசூலாகி வருவதற்குள் மழைக்காலமே முடிந்தது. கட்டணம் போக மிஞ்சியதில் பஞ்சுகூட வாங்க முடியவில்லை. இன்னொருவர் நோட்டைக் கவரில் வைத்து அனுப்பினார். கவர் ஓரம் பிரிந்து வந்தது. உள்ளே பனிமான் படம் போட்ட வாழ்த்து அட்டை மட்டும் இருந்தது. அந்த அட்டை அழகாயிருந்ததால் நான் அதைக் கடையில் ஒட்டிவைத்தேன். அண்ணி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

வெளிநாட்டில் கட்டும் பணத்தை இங்கே உடனே கொடுக்கும் கடை ஒன்று பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்தது. அங்கே கேட்டால், குடும்பத்துக்கு அனுப்பும் பணம்தான் வாங்கலாம், வியாபாரத்துக்கு ஆகாது என்றார்கள்.

"அதுக்கென்ன, ஹெல்காவை சித்தின்னு எழுதிக் கொடுங்க," என்றான் பாலாஜி.

"நார்வேல எங்களுக்கு ஏதுடா சித்தி?"

"உங்க சித்தப்பா ராங்கா போயிட்டாருன்னு சொல்லுங்கக்கா."

அண்ணி அவனை அடிக்கக் கை ஓங்கினாள். சிரிப்பும் வந்துவிட்டது.

மறுநாள் வங்கிக்குப் போனேன். ஏற்றுமதிக்கான நம்பரை எங்களுக்கு வாங்கிக் கொடுத்தவரே அங்கிருந்த அதிகாரி சக்கரவர்த்திதான். நான் ஏதோ நாவலில் படித்ததை வைத்து, "எல்.சி. போட்டுக்கலாமா சார்?" என்று கேட்டேன்.

அவர் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். "எல்.சி.ன்னா என்னான்னு தெரியுமாம்மா? அவங்க பேங்க்கு உங்களுக்கு ஜாமீன் நிக்கும். நீங்க சரக்கு ஏத்தின பேப்பரெல்லாம் சொன்னபடி இருந்தா பணம் வந்துடும். பெரிய சரக்குக்கு அதுதான் பத்திரம். ஆனா ரெண்டு பக்கமும் கட்டணம் ஜாஸ்தி. நூத்தியிருபது திண்டுக்கு எல்.சி. போடறது, இங்கேர்ந்து பக்கத்துல இருக்கற அடி அண்ணாமலைக்கு ஏரோப்ளேன் டிக்கெட் எடுக்கற மாதிரி."

"அப்போ எது சார் சரி?"

"டெலிகிராஃபிக் ட்ரான்ஸ்ஃபர்னு சொல்வோம். அவங்க பேங்க்லேர்ந்து உங்க அக்கவுண்டுக்கு நேரா. நம்ம கிளைக்கு வெளிநாட்டுப் பணம் நேரா வராது. சென்னை கிளை வழியா வரும். நாலஞ்சு நாள். கட்டணம் கம்மி." அவர் சென்னைக் கிளையின் அடையாள எண்ணை எழுதிக் கொடுத்தார். "வழியை நான் சொல்லிட்டேன். ஆனா பணம் மொதல்லயா, சரக்கு மொதல்லயா? அதை நீங்கதான் அவங்களோட பேசணும்."

அங்கேதான் சிக்கியது. ஹெல்கா எழுதினாள்: "சரக்கு வந்து முப்பது நாளில் அனுப்புகிறேன். இங்கே அதுதான் வழக்கம்."

அண்ணி மிஷினை நிறுத்தினாள். "துணி, பஞ்சு, பார்சல் செலவு எல்லாம் நம்மளுது. அது கடல்ல போய்ச் சேர ரெண்டு மாசம். அதுக்கு மேல முப்பது நாளா? அதுவரைக்கும் நாம என்ன, காத்தைச் சாப்பிடறதா?"

"ஹெல்கா அப்படிப்பட்டவங்க இல்ல அண்ணி."

"எப்படிப்பட்டவ? உனக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது. நார்வே என்றால் எனக்கு மரவீடும், ஜன்னலில் மெழுகுவத்தியும், பேசாமல் காபி குடிக்கிற ஆட்களும்தான். மாவட்ட நூலகத்தின் மொழிபெயர்ப்பு அலமாரியிலிருந்து வந்த நார்வே அது. அந்தப் புத்தகங்களில் யாரும் திண்டு வாங்கிவிட்டுப் பணம் கொடுக்காமல் போனதில்லை. ஆனால் யாரும் திண்டே வாங்கவில்லையே.

"அவளை ஏமாத்துக்காரின்னு சொல்லல," என்றாள் அண்ணி, குரலை இறக்கி. "ஆனா இது நம்ம வெளிநாட்டு வியாபாரத்துக்கு மொத பெரிய போணி. போணிய யாராச்சும் கடனுக்குக் கொடுப்பாங்களா? எந்தக் கடையிலயாவது பாத்திருக்கியா?"

பார்த்ததில்லை. காலையில் முதல் ஆள் வந்தால் எங்கள் ஊரில் ஒரு கடைக்காரரும் கடன் கொடுக்கமாட்டார். அதே சமயம், அந்த ஆள் விலையைக் குறைத்துக் கேட்டால் முகம் சுளிக்கவும் மாட்டார். போணிக்காரரைத் திருப்பி அனுப்பக்கூடாது. காசு உடனே கைக்கு வர வேண்டும், அதற்காக விலை இறங்கலாம். பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த இந்த ஏற்பாட்டில் இரண்டு பக்கத்துக்கும் ஏதோ ஒன்று கிடைக்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

பாலாஜி கடைக்கு ஓடினேன். எழுதினேன்:

"எங்கள் ஊரில் முதல் விற்பனைக்குப் போணி என்று பெயர். போணிக்குக் கடன் இல்லை. ஆனால் போணி செய்கிறவர் விலையைக் குறைத்துக் கேட்கலாம், நாங்கள் மறுக்கமாட்டோம். வெளிநாட்டிலிருந்து எங்களுக்கு நீங்கள்தான் முதல் பெரிய வியாபாரம். இருபது திண்டின் விலையை இப்போது வங்கி வழியாக அனுப்புங்கள். மிச்சத்தை, பார்சல் ரசீதை ஃபேக்ஸில் பார்த்ததும் அனுப்புங்கள். நல்ல தொடக்கமாக இருக்கட்டும்."

பதில் மறுநாளே வந்தது. அண்ணிக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

"'போன டிசம்பரில் ஒரு காலை உங்கள் கடைக்கு வந்தேன். எழிலரசி என் நோட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றினாள். பிறகு தையல் மிஷினைச் சுற்றிக் காட்டினாள். அது கள்ளநோட்டா என்று பார்க்கிறாள் என்று நினைத்தேன். இத்தனை மாதமும் எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம். அது போணிதானா?'"

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டாள். "அடிப்பாவி! மூணு மாசமா மனசுல வெச்சிருந்திருக்காளே!"

"இருங்க, இன்னும் இருக்கு. 'அப்படியென்றால் நான் கேட்கிறேன். ஒவ்வொரு திண்டுக்கும் ஐந்தில் ஒரு பங்கு குறையுங்கள்.'"

"அஞ்சுல ஒண்ணா! பார்றா, பேரம் பேசக் கத்துக்கிட்டாளா?" அண்ணியின் முகம் பளிச்சென்றாகிவிட்டது. "பத்துல ஒண்ணுன்னு எழுது. மேல உறை துவைச்சுப் போடறாப்பல ஜிப் வெச்சுத் தரேன்னு எழுது."

அந்த வாரம் நான்கு மின்னஞ்சல்கள் போய் வந்தன. பத்தில் ஒன்றுக்குக் கொஞ்சம் கூடுதலாக இறங்கி, ஜிப்போடு முடிந்தது. இன்வாய்ஸ் போட்டு அனுப்பினேன். ஹெல்கா பணத்தை அனுப்பிவிட்டேன் என்று எழுதினாள்.

பணம் வரவில்லை.

ஒரு வாரம் போனது. அதற்கு மேலும் போனது. பாலாஜி கேலி செய்வதை நிறுத்திவிட்டான். அது கேலியைவிட மோசமாக இருந்தது. எல்லம்மாள் வாசலில் வந்து, "எழிலு, பௌர்ணமிக்கு மறுநாள் காலைல வண்டி. துணிமணி எடுத்து வெச்சுக்கோ," என்று சொல்லிவிட்டுப் போனாள். அண்ணி பையை எடுத்துக் கட்டில் மேல் வைத்தாள்.

சக்கரவர்த்தி சார் சென்னைக்கு போன் போட்டுப் பேசிவிட்டு என்னைப் பார்த்தார். "பணம் சென்னையில நிக்குது. எதுக்கு அனுப்பறீங்கன்ற எடத்துல, 'தியான மண்டபத்துக்காக, நல்ல தொடக்கத்துக்கு'ன்னு எழுதியிருக்காங்க. இன்வாய்ஸ் நம்பர் எழுதச் சொல்லலியா?"

"சொல்லல சார்."

"இந்த ஊர் பேருக்கு வெளிநாட்டுப் பணம் வந்தா காணிக்கையான்னுதான் மொதல்ல பாப்பாங்க. நன்கொடைன்னா தனி பர்மிஷன் வேணும். இல்லன்னா திருப்பி அனுப்பிடுவாங்க. நாளைக்கு நேர்ல போயிடுங்க. நான் ஒரு கடிதம் தரேன்."

அண்ணியும் வந்தாள். முதல் பஸ்ஸில் ஏறினோம். மடியில் ஒரு திண்டை வைத்துக்கொண்டு செங்கல்பட்டுவரை அதன்மேல் தலைசாய்த்துத் தூங்கினாள். என் பையில் கடிதம், இன்வாய்ஸ், மின்னஞ்சல்களின் பிரிண்ட்.

அந்தப் பெரிய கிளையில் ஒரு அதிகாரி அம்மா இருந்தார். நரைத்த கூந்தல், மேஜையில் கோப்புகள். கடிதத்தைப் படித்தார், இன்வாய்ஸைப் பார்த்தார்.

"இன்வாய்ஸ் யார் வேணா டைப் பண்ணலாமேம்மா. தியான மண்டபம்னு அவங்களே எழுதியிருக்காங்க. இது விலைதான், காணிக்கை இல்லன்னு நான் எப்படி முடிவு பண்றது?"

இங்கிலீஷில் பேச நினைத்து வைத்திருந்ததெல்லாம் ஓடிவிட்டது. கையிலிருந்த பிரிண்டில் 'ஐந்தில் ஒரு பங்கு' என்ற வரி மட்டும் கண்ணில் பட்டது.

"மேடம், காணிக்கை போடறவங்க பேரம் பேசுவாங்களா?"

"என்ன?"

"இதைப் படிச்சுப் பாருங்க. அஞ்சுல ஒரு பங்கு குறைன்னு கேக்கறாங்க. நாங்க பத்துல ஒண்ணுன்றோம். ஜிப்புக்குக் காசு உண்டான்னு கேக்கறாங்க. உண்டியல்ல போடறவங்க யாராவது ஜிப்பு கேப்பாங்களா மேடம்?"

அவர் தாள்களை வாங்கினார். முதலில் வேகமாகப் புரட்டினார். பிறகு மெதுவாக. கள்ளநோட்டு வரி வந்த இடத்தில் அவர் உதடு ஆடியது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவரும் சிரித்தார். மூன்றாவது மேஜையிலிருந்து ஒருவர் எழுந்து வந்தார்.

"விலைதான்," என்றார் அதிகாரி அம்மா கடைசியில். ஒரு விண்ணப்பத்தில் என்னிடம் கையெழுத்து வாங்கி, மின்னஞ்சல்களின் நகலை அதோடு கோத்து வைத்தார். "இனிமே இன்வாய்ஸ் நம்பர் இல்லாம ஒரு பைசா அனுப்பச் சொல்லாதீங்க. நாளைக்கு உங்க அக்கவுண்டுல இருக்கும்." பிறகு அண்ணியின் கையிலிருந்ததைப் பார்த்தார். "இதுதானா? எனக்கு முதுகுவலி. எவ்வளவு?"

அண்ணி விலையைச் சொன்னாள். "சும்மாவே கொடுத்திருப்பேன் மேடம். ஆனா நீங்க இதையும் காணிக்கைன்னுடுவீங்க."

அந்தச் சிரிப்பைக் கேட்டு வாசலில் நின்ற காவலாளியே உள்ளே எட்டிப் பார்த்தார்.

மறுநாள் மதியம் பணம் வந்துவிட்டது. சக்கரவர்த்தி சார் பாஸ்புக்கைப் பதிந்து கொடுத்தார். அண்ணி அதைக் கையில் வைத்துக்கொண்டு நகராமல் நின்றாள்.

"என்ன அண்ணி?"

"பாஸ்புக்கை எப்படி மிஷினைச் சுத்திக் காட்டறது? நோட்டு வேணும்."

ஒரே ஒரு நூறு ரூபாய் எடுத்தோம். கடைக்கு வந்து ஷட்டரை முழுசாகத் தூக்கினாள். நோட்டைக் கண்ணில் ஒற்றி மிஷினையும், பஞ்சு மூட்டையையும், என்னையும் சுற்றிக் காட்டினாள். சிந்துஜா தன்னையும் சுற்றச் சொல்லிக் குதித்தாள். பாலாஜி பிரியாணிப் பொட்டலங்களோடு வந்தான். தானே காசு கொடுத்து வாங்கியிருந்தான்.

ஹெல்காவுக்கு எழுதினேன்: "போணி ஆகிவிட்டது. மிஷினைச் சுற்றியாகிவிட்டது. கள்ளநோட்டு இல்லை." பிறகு அடுத்த தவணைக்கு எழுத வேண்டிய இன்வாய்ஸ் நம்பரைத் தடித்த எழுத்தில் போட்டேன்.

சித்ரா பௌர்ணமியன்று ஊரே மலையைச் சுற்றியது. நாங்கள் உள்ளே உட்கார்ந்து தைத்தோம். இலவங்காய் வெடிக்கும் காலம், பஞ்சு விலை கம்மி. அறை முழுக்க வெள்ளையாகப் பறந்தது. மறுநாள் விடிந்ததும் எல்லம்மாள் வாசலுக்கு வந்தாள்.

"என்னா எழிலு, பையைக் காணோம்? வண்டி முனையில நிக்குது."

"நான் வரல எல்லம்மா."

"வரலியா? அங்க பேர் கொடுத்துட்டேனே! அவங்களுக்கு நான் என்னா பதில் சொல்லட்டும்?"

அண்ணி தலையில் ஒட்டியிருந்த பஞ்சோடு எழுந்து வந்தாள். "ஆள் கெடைக்கலன்னு சொல்லு. நெசமாவே கெடைக்கல. எனக்கே இன்னும் ரெண்டு பேர் வேணும். நூத்தியிருபது தைக்கணும், கையில இருபதுதான் ஆகியிருக்கு. உனக்கு ஜிப்பு வெக்கத் தெரியுமில்ல?"

எல்லம்மாள் முனையைத் திரும்பிப் பார்த்தாள். வண்டிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். அவள் செருப்பைக் கழற்றினாள். உள்ளே வந்து ஒரு திண்டின் மேல் உட்கார்ந்து பார்த்தாள். இன்னொரு முறை நன்றாக அழுத்தி உட்கார்ந்தாள்.

"சம்பளம் வாரத்துக்கா, மாசத்துக்கா?" என்று கேட்டாள்.