ஒன்பதாவது ஃபாரம்

கிணற்றுக்குள் என்ன நடந்தது என்று என்னைக் கேட்காத ஆளில்லை. நான் ஒன்றும் கதை எழுதியவள் இல்லை. அச்சகத்தில் பைண்டிங் பிரிவுக்கு மேற்பார்வை, அவ்வளவுதான். ஆனால் அந்த ஐந்து பாக மந்திரக் கதை எங்கள் மேசையில்தான் புத்தகமாகிறது என்று தெரிந்தால் போதும், பல் டாக்டர்கூட என் வாய்க்குள் விளக்கடித்துக்கொண்டே கேட்பார். வாயைப் பிளந்து வைத்துக்கொண்டு நான் என்னத்தைச் சொல்வது? அதுவும் ஒருவகையில் நல்லதாகத்தான் போயிற்று.

கதை தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். காற்றைக் கூப்பிடக் கற்றுக்கொள்ளும் ஒரு பெண். முதல் பாகத்தில் ஒன்பது வயது, ஐந்தாவதில் பதினெட்டு. நான்காம் பாகத்தில், கூடப் படிக்கும் எதிரி ஒருத்தி பாழுங்கிணற்றில் விழுந்துவிட, அவளைக் காப்பாற்ற இவள் இறங்குகிறாள். கயிறு அறுந்துபோகிறது. 128ஆம் பக்கத்தின் கடைசி வரி, "அவள் கையை நீட்டி". எதிர்ப் பக்கம் 145. அதன் முதல் வரி, "'போதும், வீட்டுக்குப் போகலாம்' என்றாள்." இரண்டு பேரும் வெளியே நிற்கிறார்கள். அதற்குப் பிறகு அந்தப் பாகம் முடியும்வரை அவள் காற்றைக் கூப்பிடுவதே இல்லை. ஏன் என்று யாருக்கும் தெரியாது.

நடுவில் பதினாறு பக்கம் இல்லை. வேறு புத்தகமாக இருந்தால் கடைக்காரர் முகத்தில் விட்டெறிந்திருப்பார்கள். இது மந்திரக் கதை ஆயிற்றே! கிணற்றிலிருந்த மறதி மந்திரம் பக்க எண்களையே விழுங்கிவிட்டது என்று முடிவுகட்டிவிட்டார்கள். கடிதம் கடிதமாக வந்து குவிந்தது. அவள் தன் ஆயுளில் பதினாறு வருடத்தைக் கொடுத்து எதிரியை மீட்டாள் என்று ஒருவர் எழுதினார். கிணற்றுக்குள் இன்னொரு பள்ளிக்கூடம் இருந்தது என்று படம் போட்டு விளக்கினார் ஒருவர். இதில் ஒரு புண்ணியவான் ஆராய்ச்சிப் பட்டமே வாங்கிவிட்டார். என் மகள் மணிக்கட்டில் 128, 145 என்று பச்சை குத்திக்கொண்டு வந்து நின்றாள். நான் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. பச்சை குத்தியதற்காகத்தான் கோபம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

உண்மை என்னவென்றால், அந்தப் பதினாறு பக்கத்தை விட்டவள் நான்.

பெரிய தாளில் பதினாறு பக்கம் அச்சாகி, மடிந்து வரும். அதற்கு ஃபாரம் என்று பெயர். நீள மேசையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஃபாரங்களை அடுக்கிவைப்போம். மேசையைச் சுற்றி நடந்து அடுக்குக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டே போனால் கடைசியில் கையில் ஒரு புத்தகம் இருக்கும். அடுக்கிவைப்பது அப்போது என் வேலை. எட்டுக்குப் பக்கத்தில் பத்தை வைத்துவிட்டேன். ஐந்நூறு புத்தகமும் அப்படியே தைத்து, அட்டை போட்டு, கடைகளுக்குப் போய்விட்டன. ஒன்பதாவது ஃபாரம் கட்டுக்கட்டாக மேசைக்கடியில் கிடந்ததை மறுநாள்தான் பார்த்தேன். வேலைக்குச் சேர்ந்து இரண்டே மாதம். எல்லாவற்றையும் கழிவுத்தாள் வண்டியில் ஏற்றிவிட்டேன். இன்றைக்கு என் பிரிவில் யாராவது அப்படிச் செய்தால் தோலை உரித்துவிடுவேன். அன்றைக்கு நான் செய்தேன்.

அடுத்த பதிப்பில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அச்சகத்தோடு பதிப்பகமும் நடத்துகிற முதலாளி அதே ஓட்டையோடு அச்சடித்தார். அதற்கடுத்ததும் அப்படியே. எழுதியவரே பேசாமல் இருக்கும்போது நமக்கென்ன என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். இருபத்து மூன்று வருடம் ஓடிவிட்டது.

போன வாரம் முதலாளி என்னை அறைக்குக் கூப்பிட்டார். ஐந்து பாகங்களையும் ஒரே பெட்டியில் போடுகிற ஏற்பாடு. உள்ளே போனால் என் மகள் உட்கார்ந்திருக்கிறாள், வேலை பார்க்கிற கண்ணாடிக் கடைக்கு லீவு சொல்லிவிட்டு. ஜன்னலோரம் மடியில் ஒரு பிளாஸ்டிக் உறையோடு எழுத்தாளரம்மா. புகைப்படத்தில் பார்த்ததைவிட மெலிந்திருந்தார்.

"வா கத்திரி," என்றார் முதலாளி. வெட்டும் இயந்திரத்தில் வேலை பார்த்ததால் அந்தப் பெயரா, என் வாய்க்காகவா என்பது இன்றுவரை தீர்ப்பாகாத வழக்கு. "இந்தத் தடவை அந்த இடைவெளியை நிரப்பப் போறோம். வாசகர் கடிதத்தை வெச்சே! கிணத்துக்குள்ள என்ன நடந்துச்சுன்னு அவங்க எழுதினதுல நல்லதா பொறுக்கி, கச்சிதமா பதினாறு பக்கம். முதல் கடிதம் யாரோடதுன்னு பாரு."

மகள் மெய்ப்புத் தாளை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "நாலு பக்கம்மா! ஒரு வரிகூட வெட்டல!"

அந்தக் கடிதத்தை நான் படித்திருக்கிறேன். அதில் கிணற்றுக்கு அடியில் அந்தப் பெண்ணின் செத்துப்போன அப்பா உட்கார்ந்திருப்பார். அவள் அழமாட்டாள், கூட வா என்று கூப்பிடமாட்டாள். தன் காற்றை அவருக்குத் துணையாக விட்டுவிட்டு ஏறி வந்துவிடுவாள். என் வீட்டுக்காரர் போனபோது இவளுக்கு ஒன்பது வயது. பதினொன்றில் இந்தப் புத்தகத்தைப் படித்தாள். நான் கதை படித்துக் கண்ணைக் கசக்குகிற ரகம் இல்லை. ஆனாலும் அன்றைக்கு எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

எழுத்தாளரம்மா லேசாகச் செருமினார். "நான் அந்தப் பக்கங்களைக் கொண்டுவந்திருக்கேன்."

"அம்மா, அதைத்தான் அப்பவே பேசி முடிச்சாச்சே," என்றார் முதலாளி.

"எந்தப் பக்கம்?" என்று கேட்டேன்.

"விட்டுப்போன ஃபாரம்," என்றார் எழுத்தாளரம்மா. "புத்தகம் வந்த வாரமே கடிதம் போட்டேன். அதுக்குள்ள பிரமாதம் பிரமாதம்னு நாப்பது பேர் எழுதிட்டாங்க. வாசகர் சந்தோஷத்தைக் கெடுக்காதீங்கன்னு இவர் சொன்னார். எனக்கு அப்ப எதிர்த்துப் பேசத் தெரியல. எழுதாத பக்கத்துக்கு இத்தனை வருஷமா பாராட்டு வாங்கிட்டிருக்கேன். எழுதினதை ஒருத்தரும் படிக்கல. என் கையெழுத்துல இருக்கிற இது ஒரே ஒரு பிரதி. எனக்கப்புறம் பழைய பேப்பரோட போயிடும். ஒரு தடவையாவது அச்சுல பார்த்துடணும்."

மகள் கையிலிருந்த தாள் கீழே இறங்கியது. "அப்போ... வேணும்னு விட்டது இல்லையா?"

"பைண்டிங்ல எவனோ தூங்கிட்டான்," என்றார் முதலாளி.

எவனோவாம்! நான் அந்த மேசையில் நின்று நின்று கால் நரம்பு சுருட்டிக்கொண்டவள். எனக்குச் சுருக்கென்றது.

"எவனோ இல்ல. நான்தான்," என்றேன். "கட்டை ஒளிச்சு கழிவுல போட்டதும் நான்தான். அம்மா, உங்களுக்குப் பெரிய அநியாயம் பண்ணிட்டேன். என்னை மன்னிச்சிருங்க."

முதலில் மகள்தான் கேட்டாள். "எப்படிம்மா விட்ட? நீயா?"

"உனக்குப் பத்து மாசம். பார்த்துக்க ஆளில்ல. ஒன்பதாவது ஃபாரம் கட்டுங்களை மேசைக்கடியில பரப்பி, துணி விரிச்சு உன்னைப் படுக்க வெச்சேன். மூணு நாளா காய்ச்சல்ல கண்ணே மூடாதவ, அதுமேல அசந்து தூங்கிட்ட. எழுப்ப மனசு வரல. அப்புறம் எடுத்து வெச்சுக்கலாம்னு இருந்தவ, மறந்தே போயிட்டேன்."

"அப்போ என் மேல பழியைப் போடுற!"

"உன் மேல பழி வந்துடக் கூடாதுன்னுதான்டி இத்தனை நாள் வாயைத் திறக்கல!" என்று கத்தினேன். கத்தியதும் எனக்கே வெட்கமாகிவிட்டது. "அது பாதிதான் உண்மை. மீதி பயம். வேலை போயிடும்னு பயம். அப்புறம் நீ பச்சை குத்திட்டு வந்ததும், உன் முகத்தைப் பார்த்துச் சொல்லப் பயம்."

அவள் மணிக்கட்டை மடியில் கவிழ்த்துக்கொண்டு தலையைத் திருப்பிக்கொண்டாள். ஆனாலும் ஆரம்பித்ததைப் பாதியில் விடுகிற பழக்கம் எனக்கு அந்த ஒரு தடவையோடு சரி.

"வாசகர் எழுதினது அருமைதான். கடைசியில போடுங்க," என்றேன் முதலாளியிடம். "ஒன்பதாவது ஃபாரம் இடத்துல ஒன்பதாவது ஃபாரம்தான் வரணும். இல்லன்னா வேற ஆளை வெச்சுக் கட்டிக்குங்க."

"ஏமாத்திட்டீங்கன்னு காறித் துப்புவாங்க, கத்திரி. யார் பதில் சொல்றது?"

"எல்லாத்தையும் என் மேசைக்கு அனுப்புங்க. நான்தான் விட்டேன்னு கையெழுத்துப் போட்டு ஒவ்வொருத்தருக்கும் எழுதுறேன்."

"நீ எழுதினா அது பதிலா இருக்காது, வசவா இருக்கும்," என்றார். பிறகு என் மகளைப் பார்த்தார். பழம் தின்று கொட்டை போட்டவர் அவர். "சரி, வாசகர்னா இந்தப் பொண்ணுதான் வாசகர். இவ படிக்கட்டும். தன் கடிதத்தை எடுத்துட்டு இதைப் போடலாமான்னு இவளே சொல்லட்டும்."

எழுத்தாளரம்மா உறையைப் பிரித்துத் தாள்களை நீட்டினார். மகள் ஒவ்வொன்றாகப் படித்துக் கீழே வைக்க, வைத்ததை நான் எடுத்துப் படித்தேன்.

"காற்றைக் கூப்பிட்டாள். காற்று வரவில்லை." அப்படித்தான் தொடங்கியது. மறுபடி கூப்பிடுகிறாள். வரவில்லை. எதிரி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இதற்கா இத்தனை அலட்டல் என்று சிரிக்கிறாள். இரண்டு பேரும் சண்டை போடுகிறார்கள், இருந்த ஒரு ரொட்டித் துண்டுக்காகப் பேசாமலிருக்கிறார்கள், குளிர் தாங்காமல் ஒட்டி உட்கார்ந்துகொள்கிறார்கள். அப்பா இல்லை, பேரம் இல்லை, ஒரு மந்திரமும் இல்லை. மூன்றாம் நாள் ஆடு மேய்க்கிறவர் யாரோ கயிறு போடுகிறார். ஏறுவதற்கு முன் எதிரி சொல்கிறாள், காற்று வராததை யாரிடமும் சொல்லமாட்டேன் என்று. அவ்வளவுதான். அவள் அப்புறம் காற்றைக் கூப்பிடாதது தியாகமும் இல்லை, சாபமும் இல்லை. மறுபடி வராமல் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம்.

மகள் கடைசித் தாளை வைத்தாள். கண் சிவந்திருந்தது.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார் எழுத்தாளரம்மா. பரீட்சை முடிவுக்கு நிற்பவர்போல் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

"நான் எழுதினது இதைவிட நல்லா இருக்கு," என்றாள் என் மகள்.

முதலாளி நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். எழுத்தாளரம்மா தலையை ஆட்டிக்கொண்டு உறையைத் தேடினார்.

மகள் தாள்களையெல்லாம் தட்டி ஓரம் சேர்த்தாள்.

"ஆனா நடந்தது இதுதான்," என்றாள். என் பக்கம் திரும்பினாள். "அப்பா அங்க இல்லம்மா."

நான் அவள் தோளில் கை வைத்தேன். தட்டிவிடவில்லை.

"இதையே போடுங்க சார்," என்று முதலாளியிடம் கொடுத்துவிட்டாள். அவர் வாங்கிக்கொண்டார். வேறென்ன செய்வார்?

"உன் கடிதத்தை நான் படிக்கலாமா?" என்று கேட்டார் எழுத்தாளரம்மா.

மகள் தன் நாலு பக்கத்தை அவரிடம் நீட்டினாள். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒரு வரி விடாமல் மெதுவாகப் படித்தார். அவர் படித்து முடிக்கிறவரை நாங்கள் மூன்று பேரும் எழுந்து நின்றுகொண்டிருந்தோம்.